பஸ் மாமாவை வரைந்தவள்

என் அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவருக்கு வழுக்கைத் தலை, தொப்பை, கையில் ஒரு தோல் பை. பெயர் பஸ் மாமா. தினமும் காலையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டத்துக்குள் வருவார். முதல் கட்டத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவார். இரண்டாவதில் ஏதாவது குறுக்கே வரும்: செருப்பு அறுந்துபோகும், பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தி வைத்துப் பேசுவார், நாய் துரத்தும். மூன்றாவதில் பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரியும். அவ்வளவுதான் விஷயம். இதை நாற்பது வருஷமாக ஊரே படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

பஸ் மாமாவை உண்டாக்கியவர் எங்கள் அப்பா. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் பேனா அக்காவிடம் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. பதினோரு வருஷமாக வரைகிறவள் அக்கா, கீழே இருப்பது அப்பாவின் கையெழுத்து. "பேரை மாத்தினா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா" என்று பத்திரிகை ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அப்பாவோ தினமும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிப்பார். "ஓடுறவன் கால் இப்படியா இருக்கும்? நிக்கிறான் பாரு." அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குக் காபி கொண்டுவந்து வைப்பாள்.

அக்காவிடம் சொந்தமாக ஒரு படத்தொடர் இருக்கிறது. சலவைக்கடை நடத்தும் இரண்டு சகோதரிகள். வருகிற அழுக்குத் துணியை வைத்தே ஒவ்வொரு வீட்டின் வண்டவாளத்தையும் அலசிவிடுவார்கள். படித்தால் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அது தன் பெயரில் அச்சில் வர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தார். கடைசியில் ஒரு வாக்கு மட்டும் கொடுத்தார்: "படிக்கிறவங்களுக்கு பஸ் மாமா என்னைக்கு சலிச்சுப்போகுதோ, அன்னைக்கு அந்த இடம் உங்களுக்குத்தான்."

"சலிக்க வச்சாப் போச்சு" என்றாள் அக்கா.

ஒரு வாரத்துப் படங்களை மொத்தமாக அனுப்புவது வழக்கம். அக்கா செருப்பு அறுந்துபோகிற படம் ஒன்றை வரைந்தாள். அதையே வாரம் முழுவதற்கும் நகலெடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு கோடுகூட மாறவில்லை. பத்திரிகையில் பக்கம் போடுகிறவரும் பஸ் மாமா என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடுகிறவர்.

திங்கட்கிழமை என் மனைவி சிரித்தாள். செவ்வாய்க்கிழமையும் சிரித்தாள். அப்பா இரண்டு நாளும் அதே காலைப் புதிதாகப் பார்ப்பதுபோலக் குற்றம் சொன்னார். வியாழக்கிழமை, முந்தின நாள் ஆபீசில் வாங்கிய திட்டு இன்னும் ஆறாத முகத்தோடு பேப்பரைப் பிரித்தவள், "மாமா முகம் இன்னைக்கு ரொம்ப வாடிப்போயிருக்குங்க. அண்ணி என்னமா வரைஞ்சிருக்காங்க!" என்றாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கடிதங்கள் வந்து குவிந்தன. சலிப்பு என்று ஒருவர்கூட எழுதவில்லை. கண்டுபிடித்தவர்கள்கூட, 'வாரம் முழுக்க அதே செருப்பு, அதே இடம்! என் பிழைப்பை யார் உங்களிடம் சொன்னது?' என்று உருகியிருந்தார்கள். பஸ் மாமாவின் சூட்சுமம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்று தவறவிட்டதை மறந்துவிட்டு, இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று முழு நம்பிக்கையோடு கிளம்புகிறார். அப்படிப்பட்டவரை யார்தான் வெறுப்பார்கள்? புரிந்ததும் எரிச்சல்தான் கூடியது. ஆசிரியர் வேறு போன் போட்டுப் புகழ்ந்து தள்ளினார்: "அப்பா மூளை அப்படியே உங்களுக்கு வந்திருக்கும்மா!"

போனை வைத்த கையோடு அக்கா மேஜைக்குப் போய், பஸ் மாமாவை பஸ்ஸில் ஏற்றினாள். மூன்றாவது கட்டத்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். கீழே அக்காவின் பெயர். பக்கம் போடுகிறவர் அதையும் பார்க்காமல் ஒட்ட, அடுத்த வாரம் சனிக்கிழமை அச்சாகிவிட்டது. அன்றைய பேப்பரை நான் அப்பாவின் கண்ணில் காட்டவில்லை. பேப்பர் போடுகிறவர் வரவில்லை என்று புளுகினேன்.

மதியத்துக்குள் ஆசிரியரின் போன் வந்தது. "யாரைக் கேட்டும்மா அவரை ஏத்தினீங்க? காலையிலேருந்து இங்க போன் ஓயலை."

"ஏறத்தானே சார் இத்தனை வருஷமா ஓடுறார்?"

"அவர் ஓடுறதுக்குத்தாம்மா ஜனங்க பேப்பர் வாங்குறாங்க!"

"சரி, ஏறிட்டார். கதை முடிஞ்சுது. அந்த இடத்துல இனிமே என் சலவைக்கடையைப் போடலாமே?"

"அதெல்லாம் சரிப்படாது. திங்கட்கிழமையிலேருந்து அப்பாவோட பழைய படங்களையே முதல்லேருந்து போடப்போறோம். எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நீங்க இனிமே சிரமப்பட வேண்டாம்மா."

ஆக, சலவைக்கடையும் போச்சு, பஸ் மாமாவும் போச்சு. அந்த ஆசிரியரை நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். "போய் என்ன கேப்ப? என்னை ஏன் யாருக்கும் பிடிக்கலைன்னா?" என்றாள் அக்கா. சட்டையைக் கழற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் கதவோரம் நின்றோம். அவர் பேப்பரைப் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். அவரே முதன்முதலாக வரைந்த பஸ் மாமா. ஆயிரக்கணக்கில் வரைந்தவருக்கு அது தன்னுடையது என்று தெரியவில்லை.

"இங்க வாம்மா" என்று அக்காவைக் கூப்பிட்டார். "இந்தக் காலைப் பாரு. என்ன ஓட்டம் ஓடுறான்! இப்பதான் உனக்குக் கை வந்திருக்கு."

பதினோரு வருஷமாக அக்கா ஏங்கிக் கிடந்த வார்த்தை. எனக்குத் தாங்கவில்லை, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள்.

"நாளைக்கும் இதே மாதிரி போடு" என்றார் அப்பா.