ஒன்றாம் வகுப்புக்கு ஆள் பிடித்த கதை

ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். பாடம் கேட்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். மே மாத வெயிலில் நோட்டீசைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் எங்கள் பள்ளி. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஒருவரை 'உபரி' என்று சொல்லி வேறு ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். எனக்குப் பின்னால் யாரையுமே எடுக்காததால், ஐம்பது வயதைத் தாண்டியும் பள்ளிக்குக் கடைக்குட்டி நான்தான். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு நிரம்பாவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு எங்கே போவது?

கொடியில் காய்ந்த பனியன்

எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் துணி காயும் கொடியைத்தான் பார்ப்போம். குட்டிச் சட்டை தொங்கினால் உள்ளே நுழைந்துவிடுவோம். ஒரு வீட்டில் சிவப்பாக ஒரு சின்ன பனியனைப் பார்த்ததும், எங்கள் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் என் கையைக் கிள்ளினார். முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்துகொண்டு போனோம். பனியனுக்குச் சொந்தக்காரர் குரைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

நாயைப் பிடித்துக் கட்டிய பெண் அப்போதுதான் நூல் மில்லில் இருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்குமாம். "பிள்ளை...?" என்று பெரிய டீச்சர் இழுத்தார். நல்லவேளை, அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு நைட் ஷிப்ட்டு, நான் பகல் ஷிப்ட்டு டீச்சர். ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசுறதே ஞாயித்துக்கெழமதான். பிள்ளையப் பாத்துக்கிற ஆளுக்கு எங்க போக? இப்பத்திக்கு டாமி போதும்."

அஞ்சு பேர் வந்த வீடு

அடுத்து செல்வராணி வீட்டுக்கு ரொம்ப நம்பிக்கையோடு போனேன். அவளும் கூடப் பிறந்த நாலு பேரும் எங்களிடம்தான் படித்தார்கள். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வெள்ளை உடுப்பில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. அவளுக்கு ஒரே மகள். அந்த மகளும் டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறாள்.

"இன்னொண்ணு பெத்து எங்களுக்குக் குடேன்டி" என்றேன், பழைய உரிமையில். காபியை நீட்டியபடி சிரித்தாள். "பத்தாவது முடிச்சதும் எங்கப்பா என்னையக் கட்டிக் குடுக்கப் பாத்தப்ப, வாசல்ல நின்னு அம்புட்டுச் சண்ட போட்டது யாரு டீச்சர்? நீங்கதான? அதான் படிச்சேன், வேலைக்குப் போனேன், முப்பதுல கட்டுனேன், ஒண்ணோட நிறுத்திட்டேன். இப்ப வந்து பிள்ள கேட்டா எப்புடி?"

தென்னந்தோப்புக்காரர்

பெரிய டீச்சருக்குச் சொந்த ஊர் நெய்க்காரப்பட்டி. அங்கே ஒரு காதுகுத்துக்குப் போன இடத்திலும் பந்தி முடிந்த கையோடு நோட்டீஸ் கொடுத்தோம். திண்டுக்கல்லில் யாருக்காவது சொந்தபந்தம் இல்லாமலா போகும் என்ற நப்பாசைதான்.

தோப்பும் கிணறும் டிராக்டரும் உள்ள ஒருவர், வயது நாற்பதைத் தொட்டிருக்கும், நோட்டீசை வரி விடாமல் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "ஏனுங்க டீச்சர், நீங்க பிள்ளையத் தேடறீங்க, நான் இன்னும் பொண்ணையே தேடிட்டு இருக்கறனுங்க. தோட்டத்துல இருக்கறவனுக்கு யாருங்க குடுக்கறாங்க? மொதல்ல எனக்கொரு பொண்ணப் பாத்துக் குடுங்க. நோட்டீசு பத்தரமா இருக்கட்டுமுங்க."

மில் குவார்ட்டர்ஸ் கூட்டம்

பள்ளி திறந்த அன்றும் ஒன்றாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரும்பலகையைத் துடைப்பது போல் திரும்பி நின்றுகொண்டேன். செத்த நேரத்தில் வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒடிசாக்காரப் பெண்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிற்கிறார்கள். மே மாதம் அங்கேயும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று நாங்களே மறந்து போயிருந்தோம். ஊரில் விட்டிருந்த பிள்ளைகளை, தங்களுக்கும் மில்லில் வேலை கிடைத்ததும் அழைத்து வந்துவிட்டார்களாம். பெஞ்சு நிரம்பியது. "பெட்டியப் பிரிச்சுப் போடு" என்றார் பெரிய டீச்சர். அந்த நிமிஷம் அத்தனை பிள்ளைகளையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டத்தை அழைத்து வந்தவள் மினதி. ஓரளவு தமிழ் பேசினாள். தன் மூத்த மகளை என் முன்னால் தள்ளி நிறுத்தினாள். "நான் படிக்கல டீச்சர். பதினஞ்சுல கல்யாணம், மூணு பிள்ளை. இவ அப்படி வேணாம். நல்லா சொல்லிக் குடுங்க, இவ உங்க மாதிரி டீச்சர் ஆகணும்."

நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்போம், ஆனால் பாவம், அவள் டீச்சராகி ஒரு மே மாதம் கிளம்பும்போது பிள்ளை தேடி எந்த மாநிலத்துக்கு ரயிலேறுவாளோ தெரியவில்லை.