ஈரத்துணி போர்த்திய மணி

முக்கோண வெண்கல மணியை ஈரத்துணியால் போர்த்திவிட்டுத்தான் டோ சான் யின் அடிப்பார். மூன்றே அடி. யாரோ கூச்சத்தோடு கதவைத் தட்டுவது போலக் கேட்கும்.

பர்மாவில், மௌலமைனில் எங்கள் தெருமுனையில் மோஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், விற்கிறார் அந்த அம்மாள். விடிந்ததும் கடை வாசலில் உள்ள மண்பானைகளைக் கழுவி, வழிப்போக்கர்களுக்குக் குடிதண்ணீர் நிரப்புவார். பிறகு மணி, செய்த புண்ணியத்தை ஊருக்குப் பங்கு வைக்க. மணி கேட்டு மகிழ்ந்து, நல்லது என்ற பொருளில் "சாது" சொன்னவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. எதிர்வீட்டு டோ ஓன் ஜனுக்கு மட்டும் கேட்டுவிடக் கூடாது. துணி அதற்காகத்தான்.

எட்டு மாதத்துக்கு முன் மடாலய விருந்தில், பத்துப் பேர் நடுவே, ஓன் ஜன் இவருடைய குழம்பை "மீன் குளிச்சிட்டுப் போன தண்ணி" என்றுவிட்டார். முப்பத்தைந்து வருடச் சிநேகிதம் அன்றோடு சரி.

"எல்லா உயிரும் நல்லா இருக்கட்டும்னுதான் தம்பி வேண்டிக்கிறேன். அவளும் உயிர்தான், இல்லேங்கல. என் கையால வேணாம், அவ்வளவுதான்" என்பார் என்னிடம். இதைச் சொல்லும்போது முகத்தில் நிம்மதி இருக்காது. விரத நாளில் மடாலயத்துக்குப் போனால், பெரிய பிக்கு உபதேசம் எதுவும் செய்யாமல், மணிக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தாராம்.

போன வாரம் மூச்சுத்திணறல் என்று ஓன் ஜனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. இங்கே குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது.

"வீட்டுல ஆளே இல்ல, அப்பவும் போர்த்தித்தான் அடிக்கிறேன்" என்றார் சான் யின். "அவ இப்படியே போயிட்டா, கடைசிவரைக்கும் பங்கு தராதவ நான்தானே தம்பி."

நேற்றுக் காலை அந்த ஜன்னல் திறந்திருந்தது. பானைகளை நிரப்பியவர், அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஓங்கி அடித்தார். மணி சுழன்று சுழன்று கணகணத்தது. தெருநாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

"எடுத்துக்குங்க, எல்லாரும் எடுத்துக்குங்க."

பிறகு ஜன்னலிலிருந்து ஒரு இருமல்.

"சாது. மீன் கிடந்தா ஒரு கிண்ணம் கொண்டு வாடி."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. சான் யின் அகப்பையை அடிவரை விட்டு மீனாகவே அள்ளினார். கொதிக்கும் கிண்ணத்தைத் தோளில் கிடந்த அந்த ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தார்.