ஆள்மாறாட்டம் செய்யும் சொற்கள்

பிரெஞ்சு டீச்சர் வேலையில் தெரியாத சொல்லால் ஆபத்தே கிடையாது. தெரிந்த மாதிரி பல்லிளிக்கும் சொல்தான் காலை வாரும். மொழி சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்கு இது புதிதா என்ன? எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில், ஒரு மாடியறையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்த வருஷத் தலைவலிகள் இரண்டு: சேகர், ஸ்டெல்லா.

ஊறுகாயில் என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் சேகர் விற்பனை பார்க்கிறார். பாரிஸ் கடைக்காரர் ஒருவருக்கு பிரெஞ்சில் கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். ஊறுகாய் கெடாமலிருக்க பிரிசர்வேட்டிவ் போடுகிறோம் என்பதற்கு, ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் வளைத்து ‘ப்ரெசெர்வத்தீஃப்’ என்று எழுதியிருந்தார். பிரெஞ்சில் அதற்கு ஆணுறை என்று பொருள். பாட்டிலுக்கு எவ்வளவு என்று அளவு வேறு!

சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்: “அதான் மதாம், போன லெட்டருக்கு இன்னும் பதிலே வரல!”

ஆண்டவர் என்ன செய்தார்?

ஸ்டெல்லாவின் புருஷன் பாரிஸில் சமையல்காரர். மூன்று வருஷமாக அவர் அங்கே, இவள் இங்கே. பிரெஞ்சுத் தேர்வில் தேறினால்தான் போய்ச் சேர முடியும். முதல் தடவை கோட்டை விட்டிருந்தாள். அதனால், தேர்வு முடிகிறவரை புருஷனும் பெண்டாட்டியும் பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பரவசத்தில், ஆண்டவர் தன்னை பிளெஸ் பண்ணிவிட்டார் என்று புருஷனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். எழுதிய சொல் ‘ப்ளெஸ்ஸே’. பிரெஞ்சில் அது காயம்பட்டவள். அடுத்த நிமிஷம் பாரிஸிலிருந்து என் போன் அலறியது: “மதாம், சாமி எதுக்கு இவள அடிச்சாரு?”

வா

இருப்பதிலேயே பொல்லாதது இந்த ‘வா’. பிரெஞ்சிலும் ‘வா’ உண்டு. ஆனால் அங்கே அதற்குப் ‘போ’ என்று அர்த்தம். தேர்வுக்கு முன்னால் ஒரு வாரம் இதையே ஸ்டெல்லாவின் மண்டையில் ஏற்றினேன்.

ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள்! வகுப்பிலிருந்தே புருஷனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில், பிரெஞ்சிலேயே சொன்னாள். அவர் சந்தோஷத்தில், “வா! வா!” என்று கத்தினார்.

ஸ்டெல்லாவின் முகம் விழுந்துவிட்டது. “பாஸ் பண்ணியும் என்னப் போன்னு சொல்றீங்களா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் சிரிப்பும் அழுகையுமாகப் புருஷனின் குரல் வந்தது: “அடியே, தமிழ்ல கூப்பிடுறேன்டி!”

பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேனோ இல்லையோ, ஒருத்திக்குத் தமிழை மறக்கடித்த பெருமை எனக்கு உண்டு.