எழுபத்தேழின் பத்து இசைத்தட்டுகள்

மொரீஷியஸுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், என் கணவரின் பெயரும் வேறொரு பெண்ணின் பெயரும் ஒரு வாரப் பத்திரிகையில் அடுத்தடுத்து அச்சாகி வந்தன. இரண்டுக்கும் நடுவில் 'உம்' என்று பொருள்படும் ஒரு சின்ன பிரெஞ்சுச் சொல். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில்தான் அப்படிச் சேர்த்துப் போடுவார்கள். நான் அந்தப் பக்கத்தை அடுப்படியில் நின்றுகொண்டே நாலைந்து முறை படித்தேன். அப்போது எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பெயர்களைப் படிக்கப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எழுபத்தேழாம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டுகளில் தங்களுக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி அனுப்பும்படி அந்தப் பத்திரிகை வாசகர்களைக் கேட்டிருந்தது. இவரும், இவருடன் தலைநகரான போர்ட் லூயியில் ஒரே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த பெண்ணும் சேர்ந்து ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தார்கள்.

இவர் மொரீஷியஸ் தமிழர். படிப்புக்காகச் சென்னையில் சில ஆண்டுகள் இருந்தபோது உறவினர் வழியாக எங்கள் வீட்டுக்கு வரன் வந்தது. கல்யாணம் முடிந்து தீவின் வடக்கே குட்லண்ட்ஸில் இவருடைய அப்பா கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. இவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார். சென்னையில் கற்ற தமிழ், அதோடு கோயிலில் கேட்ட தமிழ். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்து, பிறகு அடுத்த சொல்லுக்குப் போவார். "நான் இன்று தாமதமாக வந்துவிட்டேன், மன்னிக்கவும்" என்பார். புருஷன் பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரியே இருக்காது. ஆனாலும் எனக்காகச் சிரமப்படுகிறாரே என்று ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் பெருமை போய்விட்டது.

அவள் போர்ட் லூயியை ஒட்டிய ஏழைக் குடியிருப்பான ரோஷ் புவாவிலிருந்து பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தார். கப்பல்காரர்களிடமிருந்து கடைக்கு வராத இசைத்தட்டுகளை அவர் வாங்கித் தருவார். அவற்றைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். இவர் தம் ரெக்கார்டு பிளேயரின் மேல் போட்டிருக்கும் துணியை அவள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே எடுத்துவிடுவார். அந்தத் துணியில் பூவேலை செய்திருந்தது நான்.

அவளிடம் பேசும்போது இவர் வேறு ஆள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மடமடவென்று பேசுவார், குறுக்கே புகுந்து பேசுவார், தொடையில் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னிடம் ஒருநாளும் சிரித்ததில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியாது. நான் தேநீரும், கடைத்தெருவில் வாங்கிய காத்தோ பிமானும் கொண்டுபோய் வைப்பேன். அது நம் பருப்பு வடை மாதிரிதான், கொஞ்சம் சின்னது. வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவேன். அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். பாட்டைக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் யார் முதலில் பேசுகிறார்கள், யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றுதான் கேட்டேன்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க அவர்களுக்கு ஐந்து ஞாயிறுகள் பிடித்தன. தரையில் உறைகளைப் பரப்பி இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். தண்ணீர் இல்லாத நீச்சல்குளத்தைப் படம் போட்ட ஓர் ஆங்கிலத் தட்டு முதலிடத்துக்கு வந்தது. அது அவள் அண்ணன் கொடுத்தது, அவளுடையது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பிரெஞ்சுப் பாடகி ஒருத்தி இரண்டாமிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் அலைந்தாள். கடைசி ஞாயிறு அவள் கிளம்பும்போது நீச்சல்குளத் தட்டை இவரிடமே விட்டுவிட்டுப் போனாள்.

பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தேன். பிரசாத வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் ஒருவர், கணவர் பெயரைப் பத்திரிகையில் பார்த்ததாகச் சொன்னார். வாழ்த்துவது போலச் சொல்லிவிட்டு, "கூட இருக்கிறது யார், உங்க பேர் இல்லையே?" என்று கேட்டார். கூட வேலை செய்கிறவர் என்றேன். அவர் "ஆ, போன்" என்று இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். 'அப்படியா' என்பதுபோன்ற சொல்தான் அது. அன்று பிரசாதத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை இவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இவர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், இவ்வளவு நீளமாகப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. இவர் கடைக்குப் போயிருந்தார். மிளகாய் காயவைக்க மொட்டைமாடிக்குப் போனேன். முறத்தோடு அந்த நீச்சல்குளத் தட்டையும் எடுத்துப்போனேன். உறையிலிருந்து உருவி, சுடுகிற சிமெண்டுத் தரையில் வைத்தேன். அங்கே கோடையான டிசம்பர் வெயில். கீழே தெருவில் ஸ்வெட்டர் தொழிற்சாலைப் பெண்கள் சனிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது தட்டின் ஓரம் அப்பளம் போல எழும்பியிருந்தது. பயத்தில் எடுத்தேன். கை சுட்டது. அதைக் கீழே கொண்டுவந்து கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். தூசி தட்டும்போது அங்கே வைத்து மறந்துவிட்டேன், வெயில் பட்டுவிட்டது என்று இவரிடம் சொன்னேன். இவர் தட்டை இரண்டு கைகளிலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை" என்று இலக்கணம் பிசகாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். இவர் தயங்கித் தயங்கித் தட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவள் ஜன்னலருகே போனாள். அதற்கு வெளியே பக்கத்து வீட்டு லிச்சி மரம் அடர்ந்து நின்றது. காலையோ மாலையோ அந்த விளிம்புக்கு நிழல்தான். இவர் தேநீர்க் கோப்பைகளை எடுக்க உள்ளே போன நேரத்தில் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மதாம், சோலே பா ராந்த் பார் சா லாஃப்னெத்-லா."

அந்த ஜன்னல் வழியாக வெயில் வராது. என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கிரியோல் வாக்கியம் முழுசாகப் புரிந்தது அன்றுதான்.

இவர் திரும்பி வந்ததும் அவள் அதைப்பற்றி எதுவும் பேசவில்லை. வேறொரு தட்டைப் போடச் சொன்னாள். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை நன்றாக வெறுத்திருக்க முடியும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். அன்று ராத்திரி நான் அழுதது வருத்தத்தால் அல்ல, அவள் என்னைவிட நல்லவளாக இருக்கிறாளே என்ற பொறாமையால்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் அவள் வரவில்லை. இவர் வாசலைப் பார்ப்பதையும், பிளேயர்மேல் துணியைத் திரும்பப் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாலும் எரிந்தது, வராவிட்டாலும் எரிந்தது. பள்ளி விடுமுறையில் ஒருநாள், அவள் காய்ச்சலென்று விடுப்பில் இருப்பதாக இவர் சொன்னார்; மறுநாள் இவர் வேலைக்குப் போன பின் நானும் பஸ் ஏறினேன். போர்ட் லூயிக்கு முன்னாலேயே ரோஷ் புவாவில் இறங்கி, கேட்டுக் கேட்டு அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை போட்ட வீடு. முற்றத்துக் கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டாள்.

நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். தட்டை மாடியில் வைத்தேன் என்று சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. எனக்குப் புரியவேண்டுமென்று ஆங்கிலமும் கிரியோலும் கலந்து மெதுவாகப் பேசினாள். மூன்று வாரமாக என்மேல் கோபமாகத்தான் இருந்தாளாம். தட்டுக்காக மட்டுமில்லை என்றாள்.

"ஒன்றரை வருஷமாக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் ஒருநாள்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள். நான் ரோஷ் புவாக்காரி, எங்களோடு சேர்ந்து உட்கார உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்."

எனக்கு அப்படி ஓர் எண்ணமே தோன்றியதில்லை. அவளைப் பார்த்துப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தது அவளுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த நாலு கிரியோல் சொற்களைச் சேர்த்து, நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை என்றேன். அவள் தோளிலிருந்த சட்டையைக் கயிற்றில் போட்டாள். அப்புறம் நாற்காலி ஒன்றை நிழலுக்கு இழுத்துப்போட்டாள். அன்று பிற்பகல்வரை அங்கே இருந்தேன். போன வாரம் அலுவலகத்தில் நடந்த ஒரு வேடிக்கையை மூன்றுமுறை சொல்லி எனக்குப் புரியவைத்தாள். அவ்வளவு பெரிய வேடிக்கை ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து நான் கூடத்தில் உட்கார்ந்தேன். முதலில் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இரைச்சலாகத்தான் கேட்டது. விடுமுறை நாள்களில் தனியாக இருக்கும்போது பிளேயரைத் திறந்து, ஊசியை வைக்கப் பழகினேன். அவர்களுடைய பத்தில் மிஞ்சியிருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சொல்லப்போனால் குறை கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். மழைக்கோட்டுக்காரிக்கு நல்ல குரல்தான், ஆனால் தன் குரல் நன்றாயிருக்கிறது என்று தெரிந்து பாடுகிறாள் என்று தோன்றியது. பட்டியலில் சேர்க்காமல் ஒதுக்கிய தட்டுகளில் இந்தத் தீவின் நாட்டுப்பாட்டான சேகா தட்டு ஒன்று இருந்தது. மட்டமான அச்சு. அட்டையில் கரையேற்றிய படகின்மேல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அதைப் போட்டேன். ரவான் என்னும் ஆட்டுத்தோல் பறையைச் சூடுகாட்டித் தட்டுகிற சத்தம் எடுத்ததுமே வந்தது. அவருடைய குரல் பிசிறடித்தது. மனைவி தன்னை விட்டுப் போய்விட்டதைக் கிண்டலாகப் பாடிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் கிண்டலை மறந்துவிடுகிறார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டேன். சொற்கள் புரியாத இடங்களை எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பிற்பகல் மூவரும் உட்கார்ந்து அந்தப் பழைய பட்டியலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சேகா தட்டு பத்தில் வராது, பதிவு சுத்தமில்லை, வீட்டில் ஆடுவதற்குத்தான் சரி என்று இவர் கிரியோலில் அடித்துச் சொன்னார். எனக்குச் சுரீரென்றது.

"நோன், தோ பே த்ரோம்பே," என்றேன். இல்லை, நீ தப்பாகச் சொல்கிறாய்.

இரண்டு பேரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் இவரை நான் ஒருநாளும் நீ என்று அழைத்ததில்லை. கிரியோலிலும் மரியாதையாகச் சொல்ல வேறு சொல் உண்டு. ஆனால் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும், அந்தக் கிழவர் பாடியதும் 'தோ' தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் என்னையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். ஒன்றரை வருஷமாக அடுப்படியிலிருந்து நான் கேட்ட அதே சிரிப்பு. சிரித்து முடித்து, ஏன் தப்பு என்று சொல் பார்ப்போம் என்று கிரியோலிலேயே கேட்டார். தப்பும் தவறுமாகச் சண்டை போட்டேன். அவள் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். மாலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் படகுக் கிழவர் நாலாமிடத்துக்கு வந்துவிட்டார், மழைக்கோட்டுக்காரி எட்டாமிடத்துக்குப் போய்விட்டாள்.

அதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. இடம் மாறியது. ஒரு பாட்டின் முதல் நாலு நொடியிலேயே அவள் கண்டுகொள்வதை நான் பத்து முறை கேட்டுத்தான் கண்டுகொண்டேன். அந்தக் காதுக்காகப் பொறாமைப்பட்டேன். அவள் பாடவும் செய்வாள். வடக்கில் புதிதாகத் திறந்த ஹோட்டலொன்றில் வார இறுதிகளில் பாட அவளைக் கூப்பிட்டபோது, வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே கைதட்டுவதைக் கடைசி மேஜையிலிருந்து பார்த்தோம். அப்போது இவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டேன். அதில் பெருமை மட்டும்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் அண்ணன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். அந்த ஆண்டுக் கடைசியில், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடலாமா என்று இவரிடம் கேட்டேன். இரண்டு பேர் போதாது என்றார். யோசித்துச் சொல்லியிருக்கமாட்டார். எனக்கு ஒரு வாரம் உறுத்தியது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறைமேல் என் பெயர் மட்டும் இருந்தது. அங்கே குளிர் எலும்புவரை ஏறுகிறது, ஒரு பழத் தொழிற்சாலையில் வேலை, பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள். இவரைப்பற்றிக் கடைசியில் ஒரு வரி, நலம் விசாரித்து. நான் அடுப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தபோது இவர் வாசற்படியில் வந்து நின்றார். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார்.

"எனக்கு எழுதியிருக்கிறாள்," என்றேன்.

இவர் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஆனால் அதைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பருப்பைத் தாளித்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கொடுத்தேன்.