வாசனை வராத மெழுகுவர்த்தி

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் 'மூக்கு' என்றுதான் பெயர். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் நாங்கள் இருவருமே வேலை பார்க்கிறோம். மடித்து அடுக்கிய போர்வையை முகர்ந்துவிட்டு, "இது சரியா அலசலை, திரும்பப் போடு" என்பாள். மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டார். ஒருமுறை திறந்து, பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் புருஷன், என் மாமா, ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு நாலு தெரு சுற்றி வந்தாலும், படியேறும்போதே மாட்டிக்கொள்வார். வெறுத்துப் போய் அதையும் விட்டுவிட்டார். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. அந்த நெடி மட்டும் அவர் மேலேயே குடியிருந்தது. அதை அக்கா கணக்கில் சேர்ப்பதில்லை.

அக்காவுக்கு மனதில் முதலில் இடித்தது ஜன்னல். அக்கா வேலை முடிந்து வரும்போது ஜன்னல் சாத்தியிருக்கும், ஃபேனும் ஓடாது. மாமா பனியனெல்லாம் வேர்வையாக உட்கார்ந்திருப்பார்.

"ஏங்க, வெந்து சாகறதுக்கா இப்படி மூடி வச்சிருக்கீங்க?"

"காத்து ஒத்துக்கலை. தலை பாரமா இருக்கு."

தலை பாரத்தை நம்பினாலும் கத்தரிக்கோலை எப்படி நம்புவது? அதன் நுனியில் கரி. மேஜையில் வெள்ளையாக ஒரு சொட்டு மெழுகு. கரண்ட் போகவே இல்லையே, எதற்கு மெழுகுவர்த்தி? அதைவிட, எரிந்திருந்தால் அவள் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? அணைத்த திரியின் புகை நாற்றம் அடுத்த வீட்டில் வந்தாலே சொல்லிவிடுவாள். இங்கே துளி வாசனை இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் நாற்காலி இடுக்கில் ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. அதை வேலையிடத்திற்கே எடுத்து வந்துவிட்டாள்.

"நான் வைக்கிறது பழுப்பு ஊசி. இது கறுப்பு. மோந்து பாரு, என் தலை எண்ணெய் வாசனையே இல்லை."

"அக்கா, மாமாவைப் போய்…"

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு, மெழுகுவர்த்தி ஏத்தி வச்சு, எவளோடடி உட்கார்ந்திருக்காரு?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. சொந்த அண்ணன் மாதிரி நினைத்திருந்தேன் அந்த மனிதரை. மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சீக்கிரமே கிளம்பினோம். அக்காவிடம் இருந்த சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தோம். கையும் களவுமாகப் பிடித்தால் என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

உள்ளே மாமா மட்டும்தான். மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி. திரியைக் குட்டையாகக் கத்தரித்திருந்தார், சுடர் புகையில்லாமல் நேராக நின்றது. கையை நீட்டித் தூரத்தை அளந்தார். கன்னம் உப்ப ஊதினார். சுடர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். இருமினார். பிறகு மேஜையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து, எரிகிற திரியை உருகிய மெழுகுக்குள் அழுத்தி, நிமிர்த்தி விட்டார். அணைந்துவிட்டது. ஒரு இழை புகை இல்லை.

அக்கா தான் கொண்டுவந்த கறுப்பு ஊசியை நீட்டினாள். "யாருங்க அவ?"

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். அதை வாங்கிப் பனியன் நுனியில் அழுத்தித் தேய்த்தார். கரி போய், பழுப்பு தெரிந்தது.

"உன்னோடதுதான். உன் டப்பாவுல இருந்து எடுத்தேன்."

"எதுக்கு?"

"பட்டறைக்கு டாக்டர் வராராம். பெயிண்ட் அறையில இருக்கறவங்க எல்லாரும் ஒரு குழாயில ஊதிக் காட்டணும். மூச்சு பத்தலைன்னா வேலை இல்லை. கை தூரத்துல வச்சு இதை அணைச்சுட்டா தப்பிச்சுடலாம்னு கூட இருக்கறவன் சொன்னான்."

அக்காவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அதை ஏன் எனக்குத் தெரியாம பண்ணணும்? வாசனை வரக்கூடாதுன்னுதானே ஊசியில அணைச்சீங்க?"

"ஜன்னலைச் சாத்தினது காத்துல சுடர் ஆடக்கூடாதுன்னு. திரியை வெட்டினது உன் மூக்குக்குப் பயந்து." மாமா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஊசி அதுக்கில்லை. ஊதி அணைக்க முடிஞ்சிருந்தா, முதல் நாளே உனக்கு வாசனை வந்திருக்கும்."



அக்கா திரியை மறுபடி பற்றவைத்தாள். அவர் கையைப் பிடித்து நீட்டி, விரல் முடிகிற இடத்தில் மெழுகுவர்த்தியை வைத்தாள். "ஊதுங்க." ஊதினார். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. "இன்னொரு தடவை." மறுபடியும் நிமிர்ந்தது. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. அவளே குனிந்து ஊதினாள்.

புகை எழுந்ததும் மாமா இருமினார். அக்கா ஓடிப்போய் ஜன்னலை விரியத் திறந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே அங்கே நின்றாள்.

"நாளைக்குப் பட்டறைக்கு நான் வரேன். பெயிண்ட் அறை இனி வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

மாமா இரண்டு ஊசிகளையும் எடுத்து அவள் டப்பாவில் திரும்பப் போட்டார்.