லவோனா ஏறிய மலை

கேப்டவுன் ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் லவோனாவின் வீட்டுக்கு, கிம்பர்லியிலிருந்து தங்கை ஜோலின் வந்து நான்கு நாள் தங்கினாள். முதல் நாள் டேபிள் மலை, மறுநாள் கடற்கரை, அடுத்த நாள் திராட்சைத் தோட்டத்தில் ஒயினோடு மதியச் சாப்பாடு. சாயங்காலமானால் ஜோலின், லவோனா சமைக்கும் இடத்திலேயே வந்து நின்று, போனில் எடுத்த படங்களைக் காட்டுவாள்.

"நீ மலைமேல போனதே இல்லையாக்கா? நாப்பது வருஷமா இங்கதானே இருக்கே?"

"வேலைக்குப் போறவளுக்கு ஏதுடி நேரம்?" என்றாள் லவோனா. அவளுக்கு வயிறு எரிந்தது. தினமும் துணி காயப்போடும்போது தான் பார்க்கிற மலையை, எங்கிருந்தோ வந்தவள் சொந்தம் கொண்டாடுகிறாளே என்றிருந்தது.

ஜோலின் ஊருக்குப் போன மறு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் லவோனா ரோப் காரில் மேலே போனாள். போய் இறங்கியதுமே மேகம் கவிந்துகொண்டது. நடுங்கிக்கொண்டே ஒரு மணி நேரம் காத்திருந்தும் கடலும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜோலின் கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

"மலைமேல இருக்கேன்டி."

"அப்படியா? எப்படி இருக்கு?"

"நீ வந்தப்போ இவ்வளவு அழகா இருந்திருக்காது," என்றாள் லவோனா, எதிரே வெள்ளையாய் நின்ற மேகத்தைப் பார்த்தபடி.