தேங்காய்த் தண்ணீர் பட்ட மேனிஃபோல்டு

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எனக்கு ஒரு எனாமல் பட்டறை இருந்தது. வீட்டு எண், கடைப் பலகை என்று இரும்புத் தகட்டில் பீங்கான் பூச்சு ஏற்றிச் சூளையில் சுடுகிற வேலை. அதைக் கேள்விப்பட்டு ஒரு மில் முதலாளி தன் பழைய சீமைக் காரின் மேனிஃபோல்டைக் கொண்டுவந்து போட்டார். எஞ்சினிலிருந்து கொதிக்கிற புகையை வெளியே தள்ளும் வார்ப்பிரும்புக் குழாய் அது. அதன் கறுப்புப் பீங்கான் பூச்சு சொறி பிடித்த மாதிரி உதிர்ந்திருந்தது. மகள் கல்யாணத்துக்குள் பளபளவென்று வேண்டும் என்றார். அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தகடு வேறு, வார்ப்பிரும்பு வேறு. வருஷக்கணக்காகக் குடித்த எண்ணெயை அது உள்ளேயே வைத்திருக்கும். மேலே பூசிச் சுட்டால் அந்த எண்ணெய் புகையாகக் கிளம்பிப் பூச்சு முழுக்கக் கொப்புளம் போட்டுவிடும். எனக்கும் போட்டது. மணல் அடித்துச் சுரண்டினேன். வெறும் இரும்பாகவே சூளையில் வைத்து எண்ணெயை எரித்தேன். மறுபடி பூசினேன், மறுபடி கொப்புளம். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒருவழியாக முகம் பார்க்கிற அளவுக்கு வந்தது.

மாட்டிய அன்று அவர் வீட்டு ஷெட்டில் சொந்தபந்தம், மில் ஆட்கள் என்று கூட்டம். பூஜையை முடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பலாம் என்றேன். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. டிரைவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட்டைத் திறந்து வைத்து, எல்லோருக்கும் காட்டி முடித்த பிறகுதான் தேங்காய் ஞாபகம் வந்தது. அதற்குள் மேனிஃபோல்டு தொட்டால் தோல் வழன்றுவிடும் சூட்டில் இருந்தது. தேங்காயை உடைத்துத் தண்ணீரோடு எஞ்சின் பக்கம் சாய்க்கப் போனார்.

"மொதலாளி, ஊத்தாதீக! சூடா இருக்கு, பூச்சு தெறிச்சிரும்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற டிரைவர் திரும்பிப் பார்த்தார். முதலாளி பார்க்கவில்லை, ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. கறுப்புச் சில்லுகள் படபடவென்று தெறித்து விழுந்தன.

"என்னலே வேல பாத்திருக்க?"

"சூட்டுல தண்ணி பட்டா பீங்கான் தாங்காது, மொதலாளி."

"சாமிக்கு ஒடச்ச தண்ணி பட்டு உரியுதுன்னா, அது என்னலே வேல?"

தண்ணீர்தான் காரணம் என்றால் சாமியைப் பழித்தவன் ஆவேன். சும்மா இருந்தால் வேலை தெரியாதவன். குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் என் எனாமல் உரியும் என்று பேச்சாகிவிட்டது. பலகை கேட்டிருந்த சோழபுரத்துக்காரர்கூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். தப்பு என்னுடையது இல்லை என்று அந்த மனிதர் வாயால், அதே ஆட்கள் முன்னால் ஒரு வார்த்தை வந்தால்தான் பட்டறை பிழைக்கும். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை பூசிச் சுட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நானும் போயிருந்தேன். பெண்ணை ஏற்றிக்கொண்டு கார் மண்டப வாசலில் வந்து நின்றதும் முதலாளி பெருமையாகப் பானெட்டைத் திறந்தார். மாப்பிள்ளையின் அப்பா தேங்காயோடு வந்தார். முதலாளி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, சூட்டுல தண்ணி படக் கூடாது. பீங்கான் தெறிச்சிரும்."

சொந்தபந்தம், மில் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். இதோ சொல்லப்போகிறார் என்று முன்னால் நகர்ந்தேன். என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, இத நீ அன்னைக்கே சொல்லிருந்தா இம்புட்டுப் பாடு உண்டா?"

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. டிரைவரும் ஆட்டினார்.